மயில் பெட்ஷீட்டுக்குப் பின்னால்

பூனா கசார்வாடியில் நாங்கள் குடியிருந்த சாலில் போட்டோ எடுப்பதென்றால் முதலில் யாரும் கேமராவைத் தேட மாட்டார்கள். பெட்ஷீட்டைத்தான் தேடுவார்கள்.

சால் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே நீளக் கட்டடம். ரயில் பெட்டி மாதிரி அடுத்தடுத்து ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். எதிரே ஒரு முற்றம், முற்றத்தில் பொதுக் குழாய், அதைத் தாண்டிச் சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கக்கூஸ். எந்த மூலையில் நின்று எடுத்தாலும் ஒரு கக்கூஸ் கதவு படத்துக்குள் வந்து நிற்கும். நாங்கள் எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டு காப்பி போடப்படும். ஒன்று நம் சுவருக்கு, ஒன்று ஊருக்கு. பூனாவில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஊரில் நாலு பேரிடம் காட்ட வேண்டும். அதில் கக்கூஸ் கதவு தெரியலாமா? அதனால் நிற்பவர்களுக்குப் பின்னால் என் வீட்டு சோலாப்பூர் பெட்ஷீட்டைத் தொங்கவிடுவோம். நீலத்தில் இரண்டு மயில் போட்டது. ஒரு முனை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும். மறுமுனையை ஒரு ஆள் கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரில் ஒருத்தர் கேட்டாராம், பூனாவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் மயில்தான் வரைவார்களா என்று.

கேமரா எனக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. தொண்ணூறாம் வருஷம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் தீபாவளிக்கு எல்லாத் தொழிலாளிக்கும் ஒரு சின்னக் கேமரா கொடுத்தார்கள். எவர்சில்வர் டப்பா கொடுத்திருந்தாலாவது உபயோகப்பட்டிருக்கும் என்று அவர் அதை விற்க ஆள் தேடினார். அவர் தேடிக்கொண்டிருந்த நாட்களில் நான் அதைத் திறந்து மூடி, ரோல் மாட்டப் பழகிவிட்டேன். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. முதல் ரோல் முழுக்கச் சூரியனைப் பார்த்து எடுத்து எல்லாரையும் கரிக்கட்டையாக்கினேன். "உன் மிஷினுக்கு என்மேல என்ன கோவம்?" என்று எங்கள் சாலிலேயே இருந்த சேலத்துக்காரம்மா கேட்டாள். பக்கத்து அறை மராத்தி அம்மா கரி படத்தையும் விடவில்லை. 'மாஜா பண் ஏக்', எனக்கும் ஒன்று, என்று வாங்கிக்கொண்டு போய் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு ரோல் முடிகிற வரைக்கும் சாலே காத்திருக்கும். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை அடித்த படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு வீட்டுச் சடங்கு வந்து ரோல் தீர வேண்டும். குழாயடியில் விசாரிப்பே அதுதான். "ரோலு முடிஞ்சிட்டா? என் பிள்ளைக்கு முடியே வளந்துட்டு."

இந்த ரோல்களில் எல்லாம் பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடித்தவள் ஒருத்திதான். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவள் எங்களுக்கு இரண்டு அறை தள்ளிக் குடியிருந்தாள். அவள் புருஷன் லேத் பட்டறையில் வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான் இரண்டு பேரும். அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் எனக்கு மைனி ஆனாள். நான் அவளுக்கு வெறும் "பிள்ள". அப்போது அவள் பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. யார் வீட்டில் படம் எடுத்தாலும், குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்ஷீட்டின் முனையைத் தூக்கிவிடுவாள். கூப்பிட வேண்டாம். ஆள் முழுக்க பெட்ஷீட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பாள். ஓரத்தில் நாலு விரல் மட்டும் தெரியும்.

அந்தப் பக்கமிருந்து ஒரு பேச்சு வரும் பாருங்கள். அதற்காகவே போட்டோ எடுக்கலாம்.

ஷிப்ட் முடிந்து வந்து விறைப்பாக நிற்கிற ஆளைப் பார்த்து, "அண்ணாச்சி, சங்கு ஊதி ரொம்ப நேரமாச்சு. இனிமே சிரிக்கலாம்" என்பாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒரு முழம் தள்ளி நின்றால், "ஏன் இப்படி நிக்கிய? நடுவுல மும்பைக்குப் போற லாரி போகணுமா?" வாயைப் பிளந்துகொண்டு கேமராவைப் பார்க்கிற பையனிடம், "எலே, வாய மூடு. ஈ டிக்கெட் இல்லாம ஏறிரும்." எல்லாரும் சிரிப்பார்கள். நான் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிடுவேன். நான் கற்றுக்கொண்ட வித்தை அவ்வளவுதான்.

படம் வந்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். "விரல் விழுந்திருக்கு, வெட்டச் சொல்லுங்க." ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோக்காரர் அந்த ஓரத்தை நறுக்கிவிட்டுத்தான் காப்பி போடுவார். ஊருக்குப் போகிற படத்தில் மயிலும் ஆட்களும் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஒருநாள் நான் விடவில்லை. "மைனி, ஒரு தரம் முன்னால வாங்களேன். பெட்ஷீட்ட அண்ணன் பிடிக்கட்டும்" என்றேன்.

"என் மொகரைய எடுத்தா உன் ரோலு கிழிஞ்சிரும். அடுத்த ஆளக் கூப்பிடு பிள்ள" என்றாள், பின்னாலிருந்தே.

மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "எல்லார் முன்னாலயும் அப்படிக் கூப்பிடாத பிள்ள. கடைசி ரூம்காரரு எங்க ஊருக்கு அடுத்த ஊரு. அவுக போட்டோவுல நான் நின்னா, அது தன்னால எங்க தெருவுக்கு நடந்து போயிரும். எங்க அண்ணனுவளுக்கு நானே பூனாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள் என்பது சாலுக்கே தெரியும். அவள் வீடு நிலபுலன் உள்ள வீடு. அவள் புருஷன், அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத வீட்டுப் பிள்ளை. கல்யாணம் ஏதோ ஒரு கோயில் வாசலில் நடந்தது, போட்டோ இல்லை. அவளுக்கு மூன்று அண்ணன்மார். இவ்வளவும் எனக்குத் தெரியும். பெட்ஷீட்டுக்கு வெளியே வராமல் அவள் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. பெட்ஷீட் பிடிக்கிறவளை யாரும் வந்து நில்லு என்று கூப்பிட மாட்டார்கள். சால் முழுக்கத் தேடினாலும் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"நாளைக்குப் பிள்ள பெரிசானா, அம்மா போட்டோ எங்கன்னு கேக்க மாட்டாளா?" என்றேன்.

"அம்மாவே குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், போட்டோ எதுக்கு? குடத்தத் தூக்கிவிடு."

தூக்கிவிட்டேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் காய்ச்சல் என்றார்கள். சாலில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்தான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து அவள் வரும்போது வெள்ளைத் துணி சுற்றித்தான் வந்தாள். குழந்தைக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. மராத்தி அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மழை பார்க்கப் போவதாகச் சொல்லி ரோட்டுப் பக்கம் கூட்டிப்போய்விட்டாள்.

அண்ணன் என்னிடம் வந்து நின்றார். அழவில்லை. "ஒண்ணு எடுத்துருங்கம்மா" என்றார். "பிள்ளைக்குக் காட்ட ஒண்ணாவது வேணும்."

அவளை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். சேலத்துக்காரம்மா பொட்டு வைத்து, தலையில் பூ வைத்துவிட்டாள். நான் கேமராவை எடுத்தேன். அதற்குள் கூட்டத்தில் யாரோ என் வீட்டுக்குள் போய் மயில் பெட்ஷீட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். பழக்கம். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். மறுமுனை தரையில் கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சேலத்துக்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிச்சு வந்து பிடி, ஆத்தா. வேற யாரு பிடிப்பா?" என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த சால் அப்போதுதான் அழுதது.

கடைசியில் அண்ணன் போய்ப் பிடித்தார். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் சரிந்து மயில் கீழே பார்த்தது. பெட்ஷீட்டுக்கு முன்னால் அவள் வந்தது அந்த ஒரு தடவைதான். பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. நான் எப்போது அமுக்குவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றேன்.

ஸ்டுடியோக்காரர் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு, பிரஷ்ஷால் கண்ணைத் திறந்துவிடுவார். அது அவருக்கு வழக்கமான வேலை. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளாத எத்தனையோ பேருக்கு அவர் கண் திறந்திருக்கிறார். "தாயி, கண் எப்படி இருக்கும்? பெரிசா, சிறுசா?" என்று ஹிந்தியில் கேட்டார். அவள் பேசியதெல்லாம் வரிவரியாகச் சொல்வேன். கண்ணைக் கேட்கிறாரே. அண்ணனைப் பார்த்தேன். அவர் கையால் ஏதோ அளவு காட்டினார். ஸ்டுடியோக்காரர் தலையாட்டிவிட்டு, தமக்குத் தெரிந்த கண்ணை வரைந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே கண்தான். எல்லாருக்கும் அதையே வைப்பார். பெரிசாக, கரைபோட்ட மாதிரி, யாரையோ முறைத்துப் பார்க்கிற கண்.

அண்ணன் ஒரு காப்பியை அவள் ஊருக்கு அனுப்பினார். "இனிமே என்ன பயம்?" என்றார். அவள் படம் ஊருக்குப் போனது அதுவே முதல் தடவை. பதில் வரவில்லை. ஆள் வைத்து விசாரித்ததில், அவள் ஓடிப்போன அன்றைக்கே வீட்டிலிருந்த அவள் படங்களையும் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டையும் அடுப்பில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சால் அந்தப் பிள்ளையை வளர்த்தது. காலையில் ஒரு வீட்டில் சாய், மத்தியானம் ஒரு வீட்டில் சோறு, சாயங்காலம் மராத்தி அம்மா வீட்டில் சப்பாத்தியும் பாஜியும். ஹிந்தியில் சண்டை போடும், மராத்தியில் கணக்குச் சொல்லும், தமிழில் சாப்பாடு மட்டும் கேட்கும். பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. சால் கட்டடத்தை இடித்து அடுக்கு வீடு கட்டினார்கள். நாங்கள் சிஞ்ச்வட் பக்கம் ஒரு சொசைட்டியில் சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்தோம். அண்ணனும் மகளும் ஆகுர்டிக்குப் போனார்கள். பார்த்துக்கொள்வது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் என்று ஆனது.

மகள் படித்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூட வேலை பார்க்கிற மராத்திப் பையன், அவளே பார்த்துக்கொண்டது. அண்ணன் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

"அத்தை, மண்டபத்துல அம்மா போட்டோ சேர்ல வைக்கணும், அப்பா சொல்றார்" என்றாள். தமிழ் அவளுக்கு நின்று நின்றுதான் வரும். "அந்தப் போட்டோ எனக்கு வேண்டாம். சின்ன வயசுல அதைப் பாத்தா எனக்கு... டர் லக்தா தா. பயம். நான் தப்பு பண்ணா அந்தக் கண்ணு பாக்கும். அது அம்மா கண்ணு இல்லை, இல்ல?"

"இல்ல" என்றேன்.

"அப்ப அம்மாவை நான் பாத்ததே இல்லை, அத்தை. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. உங்ககிட்ட எவ்ளோ ரோல் இருந்துச்சு. ஒண்ணுல கூடவா இல்லை? கோனேமே, ஒரு மூலைல?"

இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினேன். நெகட்டிவ் எல்லாம் அதில்தான். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நெகட்டிவில் எல்லாரும் முகம் கறுத்து, தலை நரைத்திருப்பார்கள். கைக்குழந்தைக்கும் நரைதான். நான் ஒவ்வொருத்தரும் யார் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

ஸ்டுடியோக்காரர் நறுக்கியது காப்பியைத்தானே. நெகட்டிவில் ஓரம் முழுசாக இருந்தது. ஒவ்வொன்றிலும் மயிலுக்குப் பக்கத்தில் அந்த நாலு விரல்.

"இது யாரு கை?" என்றாள். அடுத்ததை எடுத்தாள். "இதுலயும் இருக்கு. இதுலயும்."

சொன்னேன். அவள் அம்மா எங்கே நின்றாள், ஏன் அங்கேயே நின்றாள், எல்லாம். அந்த மாமன்மாரைப் பற்றி அண்ணன் மகளிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. பிறகு அந்த லாரிப் பேச்சைச் சொன்னேன், டிக்கெட் இல்லாத ஈயைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. ஹிந்தியில் சொன்னதும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெகட்டிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப இவங்க எல்லாரும் சிரிக்கறது..."

"உங்கம்மா பேச்சுக்குத்தான். எனக்காக யாரு சிரிச்சா?"

அதற்குப் பிறகு அவள் வேகமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சிரிப்பையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அப்படிப் பார்க்கும்போதுதான் அது வந்தது. சேலத்துக்காரம்மா குடும்பம். நாலு பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தம்மா மடியில் ஒரு குழந்தை மட்டும் முழுசாகப் பின்னால் திரும்பிவிட்டது. அதன் முகம் தெரியவில்லை. பின்மண்டையும், கட்டின ரிப்பனும், அண்ணாந்த கழுத்தும்தான். கை ஒன்று பெட்ஷீட் ஓரத்தை நோக்கி நீண்டிருக்கிறது.

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. கெட்டுப்போன படம் என்று காப்பி போடவே இல்லை. "இது நீதான்" என்றேன். "அன்னைக்கு உன்ன அந்தம்மா மடியில வச்சிருந்தா. 'ஏ மூக்குஒழுகி, அத்தையப் பாருட்டி, அத்தையப் பாரு'ன்னு உங்கம்மா பெட்ஷீட்டுக்கு இந்தப் பக்கம் தலைய நீட்டிட்டா. நீ என்னப் பாக்கல. அவளப் பாத்துட்ட."

அவள் அந்த நெகட்டிவை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டின மாதிரி பிடித்துக்கொண்டாள். அம்மா தலை நீட்டிய இடம் படத்துக்கு வெளியே. ஒரு கை அகலம் தள்ளிப் பிடித்திருந்தால் உள்ளே வந்திருக்கும். அதை அவள் என்னிடம் கேட்கவில்லை.

"அப்ப நான் அம்மாவைப் பாத்திருக்கேன்" என்றாள். "இல்ல, அத்தை? பாத்திருக்கேன்ல?"

"பாத்திருக்கட்டி" என்றேன். அந்த நெகட்டிவை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

கல்யாண மண்டபத்தில் நாற்காலியில், குழந்தை பின்னால் திரும்பிய அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள். ஓரம் நறுக்காமல், பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, இதில் பெண்ணின் அம்மா யார் என்று தேடினார்கள். சேலத்துக்காரம்மாவைப் போய்க் கும்பிட்டார் ஒருத்தர். அவள் பதறிப்போய் அவர் கையை விலக்கிவிட்டு, படத்தின் ஓரத்திலிருந்த விரல்களைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. பழைய சால்காரர்கள் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மராத்தி அம்மா நடக்க முடியாமல் ஆள் பிடித்து வந்தவள், படத்துக்கு முன்னால் நின்று, விரல் இருந்த ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அண்ணன் பட்டு வேட்டியில் பக்கத்திலேயே நின்றார். படத்துக்குப் போட்டிருந்த சம்பங்கி மாலை கனத்தில் வழுக்கி வழுக்கி ஓரத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அது விரல்களை மூடும். மேடையிலிருந்து கூப்பிடுகிறார்கள், தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும், நேரமாகிறது என்கிறார்கள். "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் மாலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய் மாலையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க போங்கண்ணே" என்றேன். தாலி கட்டி முடிகிற வரைக்கும் கையை எடுக்காமல் அந்த நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன்.